எந்தக் கிண்ணத்தில் அரைத்தது

ஆகஸ்ட் 7, திங்கள்

சுகிர்தா தன் கல்விப் பின்னணியை ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். அவளுடைய ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கான கோப்பில் வைக்கவேண்டுமாம். அதில் ஆய்வக வேலை பற்றிய பத்தியைச் சரிபார்த்து நான் கையெழுத்திட வேண்டும். துறையின் தொழில்நுட்ப அலுவலர் என்ற முறையில் எனக்கு மிஞ்சியிருக்கும் அதிகாரம் இதுதான்.

போர்ட் பிளேரில் பள்ளி, கல்லூரி. இங்கே எம்.எஸ்சி., தங்கப் பதக்கம். அந்தமானில் உள்ள பாரன் தீவின் எரிமலைக் குழம்புப் பாறைகளின் வேதியியலில் ஐந்தாண்டு ஆய்வு. தீவுக்கு இரண்டு பயணம். இத்தாலியில் ஒரு கோடைக்காலப் பயிற்சி. மூன்று கட்டுரைகள். நவம்பர் ஒன்றாம் தேதி அதே இத்தாலியில் வேலையில் சேரவேண்டும்; அதற்குள் பட்டம் கையில் இருக்கவேண்டும். எல்லாம் சரி. கையெழுத்திட்டேன்.

என் பின்னணியை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. எம்.எஸ்சி., முதல் வகுப்பு. பாரன் தீவுக்கு ஒரு பயணம், 1996 ஜனவரி. ஆய்வு முடிக்கவில்லை. கட்டுரை ஒன்று ஏற்கப்பட்டு, அச்சாகும் முன் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றவர் என் வழிகாட்டி, பேராசிரியர் வேதரத்தினம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

கேட்காமல் என்பது முழுக்கச் சரியில்லை. ஒன்று கேட்டார்.

ஆகஸ்ட் 9, புதன்

பாறை அரைக்கும் அகேட் கல் கிண்ணத்தை மணல் போட்டுக் கழுவினேன். வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் நாளை வருகிறேன் என்றான். நேற்றும் அதையே சொன்னான்.

ஆகஸ்ட் 16, புதன்

வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. துறைத்தலைவி மங்களேஸ்வரி தன் அறைக்குக் கூப்பிட்டார். இவர் எனக்கு மூன்று வருடம் இளையவர். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது பாறை வெட்டும் இயந்திரத்தை இவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அப்போது அண்ணா. தலைவியானபின் தாணு சார். வேலை ஆகவேண்டியிருந்தால் மறுபடி அண்ணா. இன்று சார்தான், ஆகவே பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன்.

விஷயம் இது. தீவிலிருந்து கொண்டுவரும் பாறையை மாவாக அரைத்து, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் விட்டால் அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று வரும். சுகிர்தா புதிய பாறைகளோடு என் பழைய முப்பத்தொரு பாறைகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதாவது 1996-இல் நான் முதுகில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்தவை. இருபத்திரண்டில் கல் மீதம் இருந்தது. அவற்றைப் புதிதாக அரைத்தாள். ஒன்பதில் கல் தீர்ந்துவிட்டது; நான் அன்று அரைத்த மாவு மட்டும் புட்டிகளில் இருக்கிறது. என் மாவிலெல்லாம் கோபால்ட்டும் டான்டலமும் ஏராளம். அதே கல்லை அவள் அரைத்தால் ஏராளம் இல்லை, சாதாரணம்.

பழைய மாவு டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறாள். கார்பைடு இரண்டே நிமிடத்தில் கல்லைப் பொடியாக்கும். ஆனால் தானும் கொஞ்சம் தேய்ந்து மாவில் கலக்கும். டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் எல்லாம் அதன் உடம்பில் உள்ளவை. அகேட் கல் அப்படி இல்லை. ஒரு பாறைக்கு நாற்பது நிமிடம், ஆனால் சுத்தம்.

தேர்வாளர் இணைப்பிலுள்ள புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார். புட்டிகளின் லேபிளில் அகேட் என்று இருக்கிறதே, ஒரே பாறைக்கு இரண்டு விடை என்றால் தவறியது பழைய அளவா, உங்கள் அளவா, ஆதாரம் காட்டாமல் வாய்மொழித் தேர்வு நடத்தவேண்டாம் என்று எழுதிவிட்டார்.

வெளியே வந்ததும் சுகிர்தா கேட்டாள்.

"சார், கோபப்படாதீங்க. நீங்க எந்தக் கிண்ணத்துல அரைச்சீங்க?"

லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் என்றேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கிண்ணங்களை எடுப்பவர்கள் கையெழுத்திடும் பதிவேடு உண்டு. 1997-க்கான பதிவேடு எங்கே என்று கேட்டு சுகிர்தா வந்தாள். 2015 வெள்ளத்தில் கீழ்த்தளக் கிடங்கில் தண்ணீர் ஏறியது, பழையவை எல்லாம் போய்விட்டன என்றேன். அது உண்மை. கீழ்த்தளத்தில் இருந்தவை எல்லாம் போயின.

மதியம் நாப்தலின் உருண்டை வாங்கி என் அறை அலமாரியில் போட்டேன். கரப்பான் தொல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

என் மனைவி பகவதி புது கிரைண்டர் வாங்கியிருக்கிறாள். பழையதன் கல் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதாம். காலையில் ஒரு படி அரிசி போட்டு அரைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வெள்ளை வெளேரென்று. அப்படியே எடுத்துக் கொல்லையில் தென்னை மூட்டில் கொட்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

"புதுக் கல்லுல்லா. முதல் ரெண்டு ஈடு கொட்டத்தான் செய்யணும். கல்லு பொடி மாவோட வரும். கண்ணுக்குத் தெரியாது, பல்லுல நறநறங்கும்."

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எம்.எஸ்சி. படித்த உங்களுக்குத் தெரியாதா என்றும் கேட்டாள். மோட்டார் ஆள் வந்தான். வாஷர் போயிருந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மங்களேஸ்வரி என் அறைக்கே வந்தார். உட்கார்ந்தார். காபி சொல்லட்டுமா அண்ணா என்றார்.

அவருடைய கவலை அவருக்கு. வழிகாட்டி அவர், மாணவியின் ஆய்வேடு நின்றால் பெயர் அவருக்கும்தான். எனக்கு ஏதாவது நினைவு இருந்தால் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். இருபத்தாறு வருடம் ஆயிற்று என்றேன். தீவில் ஆட்டுக்குட்டி உங்கள் தொப்பியைத் தின்றது வரை நினைவு வைத்திருக்கிறீர்களே என்றார். அவர் என்னுடன் தீவுக்கு வரவில்லை. நான் எத்தனை முறை இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அவருக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தேன்.

காபி நான் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஓணம் விடுமுறை எங்களுக்கு இல்லை. வேலையும் இல்லை. எழுதிவைக்கிறேன்.

1997 பிப்ரவரி. என் கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் வந்து ஒரு வாரம். பாரன் தீவுக்கு அடியில் உள்ள பாறை, இந்தத் தீவு வரிசையில் வேறெங்கும் இல்லாத வகை என்று கோபால்ட்டையும் டான்டலத்தையும் வைத்து நிறுவியிருந்தேன். இருபத்தேழு வயது. ஊரில் அப்பா கடிதத்தைப் பிரதி எடுத்து வாசகசாலையில் ஒட்டிவிட்டார்.

வேதரத்தினம் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார், வழக்கமாகச் சொல்லமாட்டார். மேஜையில் வேறு காகிதம் எதுவும் இல்லை. "தாணு, எந்தக் கிண்ணத்துல அரைச்சே?" என்று மட்டும் கேட்டார். அகேட் என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். அகேட்தான் சார் என்றேன். சரி போ என்றார்.

மறுவாரம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். காரணமாகத் தரவு சரிபார்ப்பில் உள்ளது என்று இதழுக்கு ஒரு வரி. துறையில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும். நான் சண்டை போட்டேன், கத்தினேன், ஆய்வுப் பதிவை ரத்து செய்துகொண்டேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் ஆய்வக வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர்தான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தாராம். அதை அவமானப்படுத்தத்தான் செய்தார் என்று அன்று நினைத்தேன். இன்றும் வேறு மாதிரி நினைக்கக் காரணம் இல்லை.

ஐந்து வருடம் கழித்து அவரே பாரன் தீவைப் பற்றி எழுதினார். என் பாறைகளில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. புதிதாகப் போய் எடுத்துவந்தார். என் பெயரும் இல்லை. திருடுகிறவன் பொருளை எடுப்பான். இவர் என் பொருளைத் தொடவே இல்லை. அதுதான் என்னால் இத்தனை வருடம் யாருக்கும் விளக்க முடியாமல் போனது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். மாணவர்கள் பூ கொடுத்துக்கொண்டு போனார்கள். என் அறை வழியில் இல்லை.

செப்டம்பர் 6, புதன்

சுகிர்தா அண்ணாநகர் போய் வேதரத்தினத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவருக்கு எண்பத்தொன்று ஆகிறது. காது மந்தம், மற்றபடி தெளிவாக இருக்கிறாராம். என்ன சொன்னார் என்று கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். அவளே சொன்னாள்.

"நான் சொல்லக்கூடாதும்மா, அது அவன் சொல்லவேண்டியது, தாணு சொல்லுவான்னு சொன்னாரு சார். அப்புறம் உங்களைப் பத்திதான் ஒரு மணிநேரம் பேசினாரு. உங்க அளவுக்கு ஒரு எரிமலைக் குழம்புப் பாதையை வரைபடமாக்க அவருக்கே தெரியாதாம்."

என்னைப் பற்றி என்ன பேச்சு இவளிடம். சுமையை என் தலையில் வைத்துவிட்டு மனிதர் நல்லவராகிவிட்டார். அந்தக் காலத்திலிருந்தே இதே சாமர்த்தியம்.

வேலை இருக்கிறது என்றேன். போனாள்.

போன வருடம் அவளுடைய தரவில் என் மாவுக்கு எக்கச்சக்கமான டங்ஸ்டன் எண்கள் முதலில் வந்தபோது இயந்திரத்தை ஓட்டியது நான்தான். கோளாறு என்று சொல்லி மறுபடி ஓட்டினேன். மூன்று முறை. மூன்று முறையும் அதே எண். 1997-இல் டங்ஸ்டனை அளக்கும்படி நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு சுகிர்தா ஒரு படிவத்தோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. மங்களேஸ்வரி ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். தேர்வாளருக்கு எழுதும் பதிலில், புதிதாக அரைத்ததில் ஆய்வாளரின் தரப்பில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, பழைய பாறைகள் பற்றிய இயலை முழுக்க எடுத்துவிட்டு, மீதியோடு ஆறு மாதத்தில் மீண்டும் சமர்ப்பிப்பது. இத்தாலி வேலை கைவிட்டுப் போகும், ஆனால் பட்டம் என்றைக்காவது கிடைக்கும். ஆய்வக அலுவலரும் பார்த்ததாக ஒரு கையெழுத்து வேண்டும். திங்கள் மதியம் தபாலில் போகவேண்டுமாம்.

படித்துப் பார்த்தேன். 'என் அரைப்பில்' என்று எழுதியிருந்தாள்.

நீ எந்தக் கிண்ணத்தில் அரைத்தாய் என்று கேட்டேன். எனக்கே தெரியும். இரண்டு மாதம், ஒரு கல்லுக்கு நாற்பது நிமிடம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மணல் போட்டுக் கழுவி, அந்த அறையின் இரைச்சலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று முறை கழுவினால் போதும் என்று நானே சொல்லியும் ஐந்து முறை கழுவினாள்.

"அகேட்தான் சார்."

"அப்புறம் எதுக்கு இப்படி எழுதியிருக்கே?"

"லேபிள்ல அப்படி இருக்கே சார். நான் என்ன செய்ய? அப்பா படகை வித்துட்டு என்னைப் படிக்கவைக்கலை, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா இத்தாலி வேலையைப் பத்தி வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

திங்கள் காலை கையெழுத்திட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பகவதியிடம் வங்கிக்குப் போவதாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எந்த வங்கி என்று அவள் கேட்கவில்லை.

துறையில் யாரும் இல்லை. காவலாளி கதவைத் திறந்துவிட்டார். என் அறை அலமாரியின் கீழ்த் தட்டில், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கும் இடத்திலேயே பச்சை அட்டைப் பதிவேடு இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு நான் ஒருபோதும் அனுப்பவில்லை. ஏன் என்றால், அது என் பொறுப்பில் உள்ள ஆவணம். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

திறந்தேன்.

1996 டிசம்பர் 20: அகேட் கிண்ணம் விரிசல், உபயோகத்தில் இல்லை, புதியது ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். 1997 மார்ச் 28: புதிய கிண்ணம் பெறப்பட்டது. நடுவில் ஒரே ஒரு பதிவு. ஜனவரி 16, காணும் பொங்கல். டங்ஸ்டன் கார்பைடு. முப்பத்தொரு மாதிரிகள். காலை ஒன்பது முதல் ஒன்று வரை. என் கையெழுத்து, கீழே கோடு இழுத்து, அந்த வயதுக்குரிய அலங்காரத்தோடு.

மாத முடிவுக்குள் அளவுகள் இதழுக்குப் போய்ச் சேரவேண்டும். தவறினால் அடுத்த வருடம். ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது. துறை காலி. கார்பைடில் அரைத்தால் கோபால்ட் கலக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம்தான் கலக்கும் என்று நினைத்தேன். லேபிள் எழுதும்போது யோசிக்கவே இல்லை. எப்போதும் எழுதுவதை எழுதினேன். அப்படித்தான் நினைவு இருக்கிறது. இல்லை. யோசித்தேன். பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தேன்.

எதிர்பாராதது ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. மாதாமாதம் பொறுப்புப் பேராசிரியர் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திடவேண்டும். என் பதிவுக்கு நேராக, ஓரத்தில், பென்சிலில் ஒரு சிறிய புள்ளி. கீழே வேதரத்தினத்தின் கையெழுத்து. பிப்ரவரி 11.

என்னை அழைத்து உட்காரச் சொன்னது பிப்ரவரி 13. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அம்மாவின் பிறந்தநாள்.

ஆக, அவர் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டுக் கேட்டார். நல்லா யோசிச்சுச் சொல்லு என்றார்.

அந்தப் பக்கத்தை அவர் அன்றே துறைக்கூட்டத்தில் விரித்திருக்கலாம். எனக்கு வேலை கிடைத்திருக்காது. பிறகு அந்தப் பதிவேட்டையே என் பொறுப்பில் கொடுத்தார்கள். நான் கிழித்திருக்கலாம். கிழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

சொல்லியிருக்கலாம் அவர். எனக்குத் தெரியும்டா என்று ஒரு வார்த்தை. இதை எழுதும்போதும் அவர்மேல் கோபம் வருகிறது. வரட்டும். அது தனி.

செப்டம்பர் 11, திங்கள்

சுகிர்தாவின் படிவத்தில் கையெழுத்திடவில்லை. வேறு காகிதத்தில் எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் காரணங்கள் இருந்தன. ஜெர்மனி, காலக்கெடு, விடுமுறை. கடைசியில் மூன்று வாக்கியம்:

1997 ஜனவரி 16 அன்று இந்த முப்பத்தொரு மாதிரிகளையும் டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்தவன் நான். புட்டிகளில் அகேட் என்று எழுதியவனும் நான், அது உண்மையல்ல. அன்றைய பதிவேட்டின் பக்கத்தை இணைத்துள்ளேன்.

மங்களேஸ்வரியின் மேஜையில் பதிவேட்டோடு வைத்தேன். படித்தார். பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வெள்ளத்தில் போனதாகச் சுகிர்தாவிடம் சொன்னீர்களே என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. உட்காருங்கண்ணா என்றார். எனக்கு வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

சுகிர்தா மாலையில் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். அவள் நன்றி சொல்லவில்லை.

"போன வருஷமே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 14, வியாழன்

இட்லி நன்றாக இருந்தது. நறநறப்பு இல்லை. புது கிரைண்டரில் மூன்றாவது ஈடு.

செப்டம்பர் 27, புதன்

வாய்மொழித் தேர்வு நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுத் தேர்வாளர் திரையில் வந்தார். பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டியபோது அவர் லேசாகச் சிரித்து, இதில் கையெழுத்திட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சுகிர்தா திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று அந்தப் பார்வையில் இருந்தது. நானே எழுந்து நின்றேன். அறையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். இயந்திரத்தை ஓட்டியவரும் இவர்தான், என் எண்கள் எல்லாம் இவர் அளந்தவை என்றாள் சுகிர்தா.

உட்கார்ந்தேன்.

பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். பாதுஷா வைத்தார்கள்.

அக்டோபர் 6, வெள்ளி

சுகிர்தா திருத்திய ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளை அட்டை போட்டுக் கொண்டுவந்தாள். விசா வந்துவிட்டதாம். என் வாக்குமூலத்தை எங்கே சேர்த்திருக்கிறாள் என்று காட்டினாள். நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கம், அடிக்குறிப்பு. அச்சுக்குப் போகுமுன்பே என்னிடம் கேட்டிருந்தாள்: ஆய்வகப் பதிவேடு என்று மட்டும் போட்டால் போதுமா, பெயர் வேண்டாமா என்று. பெயரைப் போடு என்று சொல்லியிருந்தேன்.

போட்டிருந்தாள். பாரன் தீவைப் பற்றிய அச்சிட்ட எழுத்தில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. இப்படி வரும் என்று நினைத்ததில்லை.

இனிஷியல் தவறு. எஸ். சிதம்பரதாணு என்று இருந்தது. அப்பா பெயர் மாதேவன், எம். என்று இருக்கவேண்டும் என்றேன். அவள் பதறிவிட்டாள். மறுபடி அச்சடிக்க நேரமில்லை. பேனாவில் திருத்தினால் போதும் என்றேன். என் மேஜையிலேயே உட்கார்ந்து நான்கு பிரதிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

ஐந்தாவது பிரதி யாருக்கு என்று கேட்டேன். வேதரத்தினம் சாருக்கு, நாளைக்குக் கூரியரில் போகிறது என்றாள்.

அதை மட்டும் நான் வாங்கி, என் கையால் திருத்தினேன். அவருக்கு என் எழுத்து தெரியும்.